இறக்கத்தில் ஒரு கார்

நான் நேரில் பார்த்ததல்ல. நுஹாவின் காரில் தினமும் போகும் டீச்சர் ஒருவர் சொன்னது.

ஜோர்டானில், சால்ட் ஊரின் செங்குத்தான தெரு. சனிக்கிழமை மதியம் நுஹா தன் காரின் பின்சக்கரங்களுக்குப் பின்னால் வழக்கம்போல் இரண்டு கல் வைத்தாள். கியரை நியூட்ரலில் போட்டாள். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினாள்.

ஆக்சில் இரண்டு, ஸ்பிரிங் இரண்டு. இருட்டுவதற்குள் மாற்றியாக வேண்டும். அங்கே வெள்ளி, சனிதான் விடுமுறை; விடிந்தால் பள்ளிக்கூடம். கார் இல்லையென்றால் நான்கு டீச்சர்களும் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள். அவள் பிழைப்பே அதுதான்.

முதல் ஆக்சிலை இழுத்தபோது, எதிர்வீட்டு அபூ நிமர் கீழேயிருந்து தன் பிக்கப் வண்டியை ஏற்றிவந்து, அவள் கார் மூக்கில் முட்டி நிறுத்தினார்.

"டொக்!"

"கண்ணு தெரியலையா அபூ நிமர்? இடிச்சுட்டீங்க!"

"என் வாசல். எங்க வேணா நிறுத்துவேன்."

"பின்னால எடுங்க!"

"மாட்டேன். பொம்பளை ஸ்பிரிங் மாத்துற வேடிக்கைக்கு முன்சீட்டு கிடைச்சிருக்கு, விடுவேனா?"

பூசணி விதையைக் கொறித்தபடி உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் அசையவில்லை.

"அந்த நட்டு இன்னிக்குக் கழலாது. பந்தயம்!"

"கழலும்!"

ஸ்பேனரில் குழாயைச் செருகி, ஏறிக் குதித்தாள். கழன்றது.

பள்ளிவாசலில் அஸர், பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

"ஒரு வக்துத் தொழுகைகூட விடாத மனுஷர். இன்னிக்குப் பள்ளிவாசலுக்கு லீவா?"

"அல்லாஹ்வுக்குத் தெரியும். நீ வேலையைப் பாரு."

மஃரிப், அந்தித் தொழுகைக்கு முன் வேலை முடிந்தது. சக்கரங்கள் தரையில் இறங்கின.

"உள்ள ஏறி பிரேக்கை மிதி," என்றார்.

"எதுக்கு?"

"மிதிம்மா."

மிதித்தாள். பிக்கப் பின்வாங்கியதும் காரின் கனம் முழுக்க அவள் காலுக்கு வந்தது. அபூ நிமர் நொண்டிக்கொண்டே வந்து, கற்களை எடுத்துப் பின்சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார்.

நுஹா கண்ணாடி வழியே முன்னால் பார்த்தாள். தினமும் மேட்டைப் பார்த்து நிற்கும் கார், இன்று பள்ளத்தைப் பார்த்து நின்றிருக்கிறது.

"நீ இழுத்தப்பவே நகர்ந்துச்சு. அப்போ பிடிச்சு நான் பிக்கப் பிரேக்லேர்ந்து கால எடுக்கல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"தெருவே மாடியில நின்னுச்சு," அவர் குரலைத் தாழ்த்தினார். "கல்லைத் தப்பா வச்சது நீன்னு தெரிஞ்சா, நாளைக்கு உன் வண்டில யார் ஏறுவா?"

மறுநாள் முதல் ஆளாக ஏறியவர், இதை எனக்குச் சொன்ன டீச்சர்தான்.

பிறகு போய்ப் பார்த்தேன். அதே தெருவில்தான் அந்த டீச்சரின் வீடு, மூன்றாவது மாடி. ஜன்னலிலிருந்து பார்த்தால் நுஹாவின் காரும், பின்சக்கரத்துக் கல்லும் நன்றாகவே தெரிகின்றன.