அதே கோடு

பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. தப்பு தன்னுடையதுதான் என்று ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் அவள் உடனே ஒப்புக்கொண்டாள்.

"அஞ்சாவது குழியிலயும் என் ரத்தத்தையே விட்டுட்டேன் போல சார்."

தலைமை டெக்னீஷியன், குழிகளில் ரத்தத்தை விட்டு மின்சாரத்தில் ஓடவிடும் ஜெல் தகட்டை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். ஒப்பிடுவதற்காக முதல் குழியில் எப்போதும் போவது அவள் ரத்தம். மற்றவர்களின் ஹீமோகுளோபின் நிற்காத இடத்தில் அவளுடையது தனிக் கோடாக நிற்கும். பிறவியிலேயே வந்த வித்தியாசம், தொந்தரவில்லை. இந்த லேபில் வேறு யாருக்கும் அது வந்ததில்லை. இன்று ஐந்தாவதிலும் அதே கோடு.

"சாயங்காலக் காலேஜ்ல முழிச்சிருந்துட்டு இங்க வந்து தூங்குறியா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"புதுசா எடுத்து மறுபடி ஓட்டிடறேன் சார்."

அந்தக் கோடு முதலில் தெரிந்த அன்று, "அம்மா வழியா, அப்பா வழியா?" என்று அவர் கேட்டிருந்தார். யாரைக் கேட்டுச் சொல்வாள்? அநாதை விடுதி வாசலில் விட்டுப் போனவர்கள் விலாசமா வைத்துவிட்டுப் போனார்கள்?

ஐந்தாவது குழிக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் காத்திருந்த பெண் மறுபடி கையை நீட்டினாள். இவளைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். கல்யாணத்துக்கு முன் பார்க்கச் சொன்ன பரிசோதனை.

"மறுபடியும் ஊசியா? இருக்கிறதே கொஞ்சம் ரத்தம்க்கா."

"என் தப்புதாம்மா."

இந்த முறை தன் ரத்தம் இருந்த குப்பியை ஃப்ரிட்ஜை விட்டு எடுக்கவே இல்லை. தகட்டில் அந்தப் பெண்ணின் ரத்தம் மட்டும் ஓடியது. பழைய தகட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கோடு இம்மியும் பிசகவில்லை.

ஒரே கோடு என்பதால் ஒரே வீடு என்று ஆகிவிடாது. அது அவளுக்குத் தெரியும். இருந்தும் வெளியே வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயப்பட ஒண்ணுமில்ல. உங்க வீட்ல யாருக்காவது ரத்தத்துல ஏதோ வித்தியாசம்னு சொல்லியிருக்காங்களா?"

"அப்பாவுக்குச் சொன்னாங்க, ஆபரேஷன் அப்போ. எங்கயும் பார்க்காத ரகம்னு அவருக்குப் பெருமை வேற." அந்தப் பெண் சிரித்தாள். "வெளிய வண்டியிலதான் உட்கார்ந்திருக்கார். கூப்பிடட்டுமாக்கா?"

எல்லாரும் கூப்பிடுகிற அக்காதான். இன்று அவள் வாசல் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இன்னிக்கு வேண்டாம். நாளைக்குக் காலையில கூட்டிட்டு வா. அவர் ரத்தத்தை நானே எடுக்கணும்."