விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர்

காலை வெயில் மலைச்சரிவில் சாய்ந்து விழுகிறது. சரிவின் விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளித் தோண்டிய குழிக்குள் தலையை நீட்டி, பொறியாளர்ப் பெண் குப்புறப் படுத்திருக்கிறாள். குழியின் அடியில் ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் ஜாக்கி, அதற்கும் மேலே மணல் மூட்டைகளைச் சுமந்த இரும்புச் சட்டம். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கிறார்கள். நேற்று விளிம்பை ஒட்டிய குழியில் பாதிப் பாரத்துக்கே மண் சரிவுப் பக்கம் பிதுங்கிவிட்டது. இன்றும் பிதுங்கினால் இந்த மனையில் வீடு கிடையாது. மனைக்குச் சொந்தக்காரியான நர்ஸ் தன் கணவனின் கையை நசுக்கிக்கொண்டிருக்கிறாள். "கடைசி பாரம். அழுத்துங்க மேஸ்திரி," என்கிறாள் பொறியாளர்ப் பெண். ஜாக்கியின் கைப்பிடி இறங்குகிறது, சட்டம் முனகுகிறது, தகடு இறங்குவதைக் காட்டும் அளவுமானியின் ஊசி நகர்கிறது. "இன்னும் இறங்குதா?" என்கிறாள் நர்ஸ். "இருங்கக்கா, மூச்சக்கூட மெதுவா விடுங்க." ஊசி ஒரு கோட்டைத் தாண்டுகிறது, அடுத்த கோட்டுக்கு முன்னால் தயங்குகிறது, நிற்கிறது. பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி நேரம். அசையவே இல்லை. "தாங்கிடுச்சுக்கா!" கணவன் துள்ளிக் குதிக்கிறான். "ஐயோ, குதிக்காதீங்க சார், ஊசி ஆடுது!" மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நர்ஸ் செருப்பை உதறிவிட்டு, குதிகாலால் மண்ணில் கோடு இழுக்கத் தொடங்குகிறாள். "இது அடுப்படி. இது கூடம். இங்க பெரிய ஜன்னல்..." கோடு விளிம்பை நோக்கி நீண்டுகொண்டே போகிறது. பொறியாளர்ப் பெண் எழுந்து ஓடுகிறாள்: "அக்கா, ஜன்னல் அஞ்சு மீட்டருக்கு இந்தப் பக்கமே நிக்கட்டும்!"