ஒரு பித்தளைத் திறப்பு

கருவி கத்தியதும் சுகிர்தா முழங்காலில் இறங்கினாள்.

கண்ணிவெடி தேடும் கருவிக்கு வெடி எது, வளையல் எது என்று தெரியாது. இரும்பென்றாலும் வெண்கலமென்றாலும் ஒரே கத்தல்தான்.

பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டத் தொடங்கினாள்.

பின்னால், வெடி அகற்றி முடிந்த நிலத்துண்டில், தொல்லியல் பேராசிரியர் வாகீசன் குப்புறப் படுத்திருந்தார். போன கிழமை அவளுடைய கருவிதான் அந்த இடத்தையும் காட்டியது. வெண்கல வளையல் ஒன்று. துருவேறிய கத்தி ஒன்று. அவற்றோடு, நீட்டிக் கிடத்தப்பட்ட ஓர் எலும்புக்கூடு.

“பொம்பிளைப் பிள்ளை. இருபது வயசு வந்திராது. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல,” என்று வந்த அன்றே அவர் சொன்னார்.

அன்று முதல் அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு பல்லையும் தூரிகையால் துடைத்து, அளந்து, படம் எடுத்து, இலக்கம் எழுதிக்கொண்டிருந்தார். வெயில் பட்டால் எலும்பு வெடிக்குமென்று தன் குடையை அந்தப் பிள்ளையின் முகத்துக்கு மேல் நட்டுவிட்டுத் தான் வெயிலில் கிடந்தார்.

சுரண்டிய மண்ணிலிருந்து நீல நிற வார் ஒன்று வெளியே வந்தது.

றப்பர்ச் செருப்பு.

அவளுடைய கை நின்றது. பிறகு முன்னிலும் மெதுவாகப் போனது. கால் எலும்பு. இடுப்பு. இடுப்பைச் சுற்றி நைலோன் கயிறு. கயிற்றில் பச்சை பிடித்த ஒரு பித்தளைத் திறப்பு, ஏதோ ஒரு பூட்டின் சாவி. கருவி கத்தியது அதற்குத்தான்.

மனித எலும்பைக் கண்டால் விசில் ஊத வேண்டும். அதுதான் ஒழுங்கு. ஊதினால் வாகனத்தடியில் நிற்கும் மேற்பார்வையாளர் வருவார். பிறகு பொலிஸ். பிறகு மஞ்சள் நாடா. முன்பு வேறொரு காணியிலும் அவள் ஊதியிருக்கிறாள். அங்கே எடுத்த எலும்புகள் எங்கே போயின என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் விசிலை எடுக்கவில்லை.

மண்டையோடு தெரியும்வரை சுரண்டினாள். பற்களைப் பார்த்தாள். முன்பற்கள் முழுதாக இருந்தன.

தம்பி நிரூபனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். கடைசிச் சண்டையில் காணாமல் போனவன்.

இது அவன் இல்லை.

நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அப்படி இளகியதற்காக, முன்னால் கிடந்தவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“சேர்.”

“ஓம்?”

“இஞ்சையும் ஒராள் கிடக்குது.”

வெடியில்லையென்று கயிறு கட்டிக் காட்டிய பாதையால் வந்தவர் செருப்பைக் கண்டார். தொப்பியைக் கழற்றினார்.

“விசிலை ஊதுங்கோ, சுகிர்தா.”

“ஊதுறன். அதுக்கு முன்னம் அந்தப் பிள்ளைக்குச் செய்த மாதிரி இவருக்கும் செய்யுங்கோ. அளந்து படம் எடுங்கோ.”

“இது என்ர வேலை இல்லைத் தங்கச்சி. இதிலை நான் தலை போட்டால் அங்கையும் என்னை விடமாட்டினம். அந்தப் பிள்ளை பாதியிலை கிடக்கிறா.”

“அந்தப் பிள்ளையைத் தேடிக்கொண்டு ஒருத்தரும் ரோட்டிலை இருக்கேல்லை, சேர்.”

அவர் திரும்பி நடந்தார்.

அவள் விசிலை வாயில் வைத்தாள்.

அவர் கமராவோடும் கறுப்பு வெள்ளை அளவுகோலோடும் திரும்பி வந்தார்.

எதையும் தொடவில்லை. அளவுகோலை மட்டும் பக்கத்தில் வைத்தார். தலை. பற்கள். செருப்பு. திறப்பு. முதற்படம் கலங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி எடுத்தார்.

“இப்ப ஊதுங்கோ,” என்றார்.

வந்தவர்கள் எலும்புகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோல் அழுத்திய தடத்தைப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரமே பேராசிரியரை வெளியேறச் சொன்னார்கள். வளையலும் கத்தியும் பெட்டியில் போயின. அந்தப் பிள்ளை பாதி மண்ணுக்குள்ளேயே கிடந்துவிட்டாள். மேலே தகரம் போட்டு மூடினார்கள். செருப்புக்காரரைச் சாக்கில் கட்டி ஏற்றினார்கள். எங்கே என்று சுகிர்தா கேட்டாள். வேலையைப் பார்க்கச் சொன்னார்கள்.

அவளுடைய அணியை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

கன நாள் கழித்து அவளுடைய போனுக்குப் பேராசிரியர் எடுத்த படங்கள் வந்தன. கூட ஒரு சொல்லும் இல்லை.

திறப்பின் படத்தை மட்டும் டவுன் ஸ்டூடியோவில் பெரிதாக அடித்து, வீதியோரக் கொட்டகைக்குக் கொண்டு போனாள். காணாமல் போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் அங்கேதான் இருப்பார்கள். அவளுடைய அம்மாவும்.

“ஆருக்கும் தெரியுமோ எண்டு பாருங்கோ.”

ஒருத்தி அது தன் மகனின் சைக்கிள் பூட்டுத் திறப்பு என்றாள். தானே வாங்கிக் கொடுத்ததாம். இன்னொருத்தி படத்தைப் பிடுங்கி, அது தங்கள் அலுமாரித் திறப்பு என்றாள். மூன்றாமவள் படத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். அவளிடமிருந்து படத்தை வாங்க மற்றவர்கள் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

கடைசியாக அம்மா.

மூக்குக் கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அளவுகோலின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

“தம்பியின்ரதான், பிள்ளை. எங்கட வாசல் திறப்பு.”

அவர்களுடைய வீட்டுக்கு ஒரு நாளும் பூட்டு இருந்ததில்லை. ஓலையால் முடைந்த கிடுகுப் படலைதான் வாசல். படுக்கப் போகும்போது கயிற்றால் கட்டுவார்கள்.

மற்றப் பெண்கள் சுகிர்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓம் அம்மா,” என்றாள்.