ஜன்னலோர நாற்காலி

"முழுப் பணமும் கைக்கு வராம இந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கப் போறதில்ல. உங்க முதலாளிகிட்ட போய்ச் சொல்லுங்க."

பேக்கரிக்காரி போட்ட சத்தத்துக்கு மேனேஜர் முகம்கூடச் சுளிக்கவில்லை. "தாராளமா உட்காருங்கம்மா. நாற்காலிக்கு நாங்க வாடகை வாங்குறதில்ல" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரொட்டி சுடும் பெரிய அடுப்புக்கு இந்த மெஷின் கம்பெனியில் முழு விலையும் கட்டி ஏழு மாதம் ஆகிறது. முப்பதே நாளில் கொண்டுவந்து இறக்குவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பிக் கடை பிடித்து, பெயர்ப்பலகையும் மாட்டி, அடுப்பில்லாத பேக்கரிக்கு மாதாமாதம் வாடகை அழுதுகொண்டிருக்கிறாள். பணம் முழுதாகத் திரும்பினால் வேறு இடத்தில் அடுப்பு வாங்கலாம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு கடைக்குப் பூட்டு.

"மெதுவா, தங்கச்சி. கத்தினா நம்ம தொண்டைதான் வத்திப்போகும்."

ஜன்னலோர நாற்காலியில் இருந்தவர் சொன்னார். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை. மடியில் பருத்த கோப்பு. அதன் அட்டையில் வரிசையாகப் பென்சில் கோடுகள். எத்தனை தடவை அலைந்தாரோ அத்தனை கோடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்களும் ஏமாந்தவரா அண்ணே?"

"அச்சகம் வெச்சிருந்தேன். பேப்பர் வெட்டுற மெஷினுக்குப் பணம் கட்டினேன். நாலு வருஷம் ஆச்சு."

"நாலு வருஷமா சும்மாவா விட்டீங்க?"

"சும்மா விடுற ஆளா நான்?" அச்சகக்காரர் கோப்பைப் பிரித்தார். போலீஸ் புகார், வக்கீல் நோட்டீஸ், கடைசியில் முத்திரை குத்திய தீர்ப்பு. "ஜெயிச்சது நான்தான். பாரு. ஆனா எந்தக் கம்பெனி மேல கேஸ் போட்டேனோ, அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்க. மறுவாரமே பலகையை மாத்தி இதைத் திறந்தாச்சு. அதே மேசை, அதே மேனேஜர். வக்கீலுக்கு அழுததுல இன்னொரு மெஷின் வாங்கியிருக்கலாம்."

"இது அநியாயம் இல்லையாண்ணே?"

"அநியாயம்னு தீர்ப்புலயே எழுதியிருக்கே. பதினோராம் பக்கம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாம எல்லாரும் சேர்ந்து வந்தா என்ன? ஏமாந்தவங்க பத்துப் பேர் வாசல்ல நின்னா, புதுசா எவனாவது இங்க பணம் கட்ட வருவானா? நான் ஆள் சேர்க்கிறேன். நீங்க வருவீங்களா?"

அச்சகக்காரர் கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல் வருஷம் நானும் அப்படித்தான் ஆள் சேர்த்தேன். ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டாங்க. கிடைச்சதை வாங்கிட்டுக் கிளம்பிட்டாங்க. நூத்துக்கு முப்பது. எனக்கும் அதைத்தான் தர்றேன்னாங்க. வீறாப்பா வேண்டாம்னுட்டேன். இப்ப அச்சகமும் இல்ல, அந்த முப்பதும் இல்ல."

அலுவலகப் பையன் வந்து, கேட்காமலே அவர் பக்கத்தில் ஒரு டீ வைத்துவிட்டுப் போனான். அவர் அதை அவள் பக்கம் நகர்த்தினார். "குடி. நாலு வருஷத்துல இவங்ககிட்ட டீயாவது கறந்துட்டேன்."

மதியம் மேனேஜர் கூப்பிட்டார். மேசைமேல் தாள் தயாராக இருந்தது. நூற்றுக்கு முப்பது, அதற்குமேல் எந்தப் பாத்தியதையும் கோர மாட்டேன். கிழித்து அந்த ஆளின் முகத்தில் எறியத்தான் கை பரபரத்தது. ஆனால் கண்ணுக்குள் அந்தப் பருத்த கோப்பே நின்றது. நாலு வருஷம். பதினோராம் பக்கம்.

கையெழுத்துப் போட்டாள். அவள் அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

பணத்தை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கி, நாலு கடை தாண்டியிருப்பாள். வெயில் உச்சியில் அடித்தபோதுதான் குடையை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி மாடி ஏறினாள்.

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. மேனேஜர் நின்றபடி அச்சகக்காரரின் கையில் நோட்டுகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். அச்சகக்காரர் அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கோப்பின் அட்டையில் புதிதாக ஒரு கோடு இழுத்தார்.

"இதோட முப்பத்தேழு" என்றார்.

அவள் உள்ளே நுழைந்தாள். "அண்ணே... நீங்க இவங்க ஆளா?"

அவர் நிமிரவில்லை. "நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல, தங்கச்சி. பணம் போனது நிஜம், தீர்ப்பும் நிஜம். உன்னை மாதிரி ஒருத்தர் முப்பதுக்குக் கையெழுத்துப் போட்டா, என் பாக்கியில கொஞ்சம் தர்றாங்க. இன்னும் மூணே பேர். என் பணம் முழுசா வந்துரும்."

"என் வயித்துல அடிச்சா உங்க பணம் வருது?" என்று கேட்டாள்.

மேனேஜர் நாற்காலியின் முதுகில் தொங்கிய குடையை எடுத்து, வெகு மரியாதையாக அவளிடம் நீட்டினார்.

"முழுப் பணமும் வராம நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னு காலையில சொன்னீங்களேம்மா" என்றார். "அடுத்த மாசம் அந்த ஜன்னலோர நாற்காலி காலியாகுது."