காலி உறைகள்

இரண்டு குடுவைகளிலும் இருந்தது காலி உறைகள்தான். ஒன்றில் மஞ்சள் கரைசல் அப்படியே இருந்தது. இன்னொன்றில் ஏழே நிமிடத்தில் வெளுத்துப்போனது.

மாத்திரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மாத்திரை என்பது சோதனைச்சாலையில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். இரண்டு வருடமாக அவள் செய்வதும் மாத்திரை உறை மாதிரிதான், என்ன, கண்ணுக்குத் தெரியாத அளவில். ஒவ்வொரு உறைக்குள்ளும் பல்லேடியம் என்ற உலோகத்தின் துகள் இருக்கும். மஞ்சள் கரைசல் உள்ளே புகும், துகளைத் தொடும், நிறமில்லாமல் வெளியே வரும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சமையலறை என்று அவளுடைய ஆராய்ச்சிக் கைடு போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

துகள் வைக்காத காலி உறையில் எதுவும் நடக்கக் கூடாது. அடுப்பே இல்லாமல் சமையல் முடிந்தால் எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

போன மாதம் அப்படித்தான் முடிந்தது. கைடு முறைத்தார். அவள் யோசிக்கவே இல்லை. குடுவையைச் சரியாகக் கழுவவில்லை, பழைய துகள் ஒட்டியிருக்கிறது என்றாள். எழுதிக் கொடு என்றார். எழுதியும் கொடுத்தாள்.

குடுவை கழுவுகிற அக்கா பதினோரு வருடமாக அந்தத் தொட்டியடியில் நிற்பவள். அந்தக் காகிதத்தால் நாளையிலிருந்து பின்கட்டடத்தில் கழிப்பறை கழுவப் போகிறாள்.

இன்று இரண்டு குடுவைகளையும் கழுவியது அதே அக்காதான். உறையும் ஒன்று, கரைசலும் ஒன்று. வித்தியாசம், உள்ளே சுழன்று கலக்குகிற காந்தத் துண்டு மட்டும். மஞ்சள் மாறாத குடுவையில் பாக்கெட்டைப் பிரித்துப் போட்ட புதுக் காந்தம்.

வெளுத்த குடுவையில் அவளுடைய ராசிக் காந்தம்.

முதன்முதலில் சோதனை பலித்த அன்று சுழன்றது அது. மற்றதோடு கலந்துவிடும் என்று கழுவப் போடவே மாட்டாள். குழாயில் ஒரு தடவை காட்டிவிட்டுக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். வேதியியலில் பட்டம் வாங்கியவளுக்கு ராசி ஒரு கேடு. அதன் வெள்ளைப் பூச்சு எப்போது சாம்பல் நிறமானது என்றுகூட அவள் பார்க்கவில்லை. போன மாதமும் சுழன்றது அதுதான்; பல்லேடியம் அதில்தான் குடியிருந்திருக்கிறது.

அக்காவின் கை அதன்மேல் ஒரு நாளும் பட்டதில்லை.

கைடிடம் ஒரு வார்த்தை சொன்னால் அக்கா இங்கேயே இருப்பாள். சொன்னால் அவர் கேட்கப்போகும் அடுத்த கேள்வியும் தெரியும். இரண்டு வருட முடிவுகளும் இந்தக் காந்தத்தைப் போட்டு எடுத்ததுதானே, அப்படியானால் வேலை செய்தது உறையா, காந்தமா?

முதலில் அக்காவிடம் சொல்லிவிடலாம். அங்கே வாய் திறந்தால் கைடிடமும் திறக்கும். காந்தத்தை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள்.

அக்கா கடைசிக் குடுவையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகார் வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை அமிலத்தில் அலசுகிறாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"என்னாலதானம்மா உன் வேலை கெட்டுப்போச்சு. கண்ணு மங்கிப்போச்சு போல, எனக்கே தெரியல. மனசுல வச்சுக்காதம்மா."

மாத்திரை கையிலிருந்த காந்தத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

"பரவாயில்லக்கா, விடுங்க" என்றாள்.

அக்கா ஈரக் கையோடு அவளைக் கும்பிட்டாள்.