ஒரு நிமிடத்தில் பதில்

"அழாதம்மா. அப்பா என்ன சிங்கமா, புலியா? மனசுல இருக்கறத நேரா சொல்லிடு" என்று கணினியில் தட்டினார் வலைக்காரர். யார் பெற்ற பிள்ளையோ, பாவம்.

இணையதளம் செய்து கொடுப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் மீன் விலை கேட்டதும் உண்டு.

இப்போது கையில் இருப்பது ஒரு கல்லூரியின் தளம். படமும் பகட்டும் யார் வேண்டுமானாலும் போடுவார்கள், கேட்ட கேள்விக்கு ஒரு நிமிடத்தில் மனிதர் மாதிரி பதில் வரவேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று முதல்வர் கறாராகச் சொல்லிவிட்டார். பதில் சொல்லும் நிரல் இன்னும் தயாராகவில்லை. அதுவரை தானே உட்கார்ந்து பதில் தட்டப்போவதைக் காலையில் மனைவி, மகள் எதிரே தளத்தைத் திறந்து காட்டிப் பீற்றிக்கொண்டார்.

ஊருக்கு இன்னும் திறக்காத தளத்தில் மாலையே ஒரு மாணவி வந்துவிட்டாள். முதல்வர்தான் ஆள் விட்டு ஆழம் பார்க்கிறார் என்று வலைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவளுக்கு ஒரு படிப்பில் ஆசையாம். அப்பா வேறொன்றில் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். அவர் முன்னால் வாயைத் திறக்கவே பயமாம்.

"அளவு சேராத செருப்ப அப்பா ஆசையா வாங்கித் தரலாம். கடிக்கிறது உன் காலைத்தானேம்மா?" என்று ஒரு போடு போட்டார். அவள் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நட்சத்திரத்தைப் பார்த்த முதல்வர் பாராட்டிச் செய்தி அனுப்ப, வலைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடும்போது நட்சத்திரத்தைப் பற்றியே பேசினார். பெற்ற பெண்ணை வாய் திறக்க விடாத மனுசனெல்லாம் ஒரு அப்பனா என்று முகம் தெரியாத அந்த ஆளையும் ஒரு பிடி பிடித்தார்.

மகள் தண்ணீரை மடக்கென்று குடித்தாள். "அப்பா, நான் வரலாறு எடுக்கப் போறேன்."

வலைக்காரரின் கை பாதியில் நின்றது. அவள் எட்டாவது படிக்கும்போதே கணினிதான் என்று முடிவு செய்துவைத்தவர் அவர்.

"வரலாறு படிச்சு என்ன கிழிக்கப் போற? கணினிதான். இனி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

பதில் வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"செருப்பு கடிக்குதுப்பா."