ஏரிக்கரையில் காலி இடம்

நாலாவது நாளாக அந்த ஆள் வந்து நின்றபோது, மேப் மேடத்துக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

மண்டலத் திட்ட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள் அவள். இயற்கையைக் கெடுக்காமல் அடுத்த இருபது வருஷத்துக்கு எங்கே சாலை, எங்கே தொழிற்சாலை, எங்கே மரம் என்று போட்ட படத்தை ஹாலில் மாட்டியிருந்தார்கள். ஆட்சேபணை இருந்தால் மக்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரலாம். ஈ காக்கைகூட வரவில்லை, இந்த ஆளைத் தவிர.

ஏரிக்கரைப் பக்கத்தை மட்டும் மூக்கு உரசப் பார்ப்பான். நோட்டில் எதையோ குறிப்பான்.

"என்ன சார் வேணும்?"

"சும்மா பாக்கத்தாம்மா."

"சும்மா பாக்கவா சர்வே நம்பர் எழுதறீங்க?"

அவன் மழுப்பினான். "ஆட்சேபணை ஃபாரம் ஒரு முப்பது கிடைக்குமா?"

ஃபாரங்களை வாங்கிக்கொண்டு அவன் போனதும் பக்கத்து சீட் கிளார்க் குனிந்து சொன்னார்: "நிலப் புரோக்கர்தான். பொய்க் கையெழுத்து போட்டு, அங்க காடு வராம தடுத்துட்டு பிளாட் போட்டு விப்பான்."

அவளுக்குச் சுருக்கென்றது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, அவன் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினாள்.

ஏரி ஸ்டாப்பில் இறங்கினான். மரக்கூட்டத்தைத் தாண்டியதும் அவள் நடை தளர்ந்தது. வரிசையாக ஓட்டு வீடுகள். கொடிகளில் துணி. நடுவில் அவன் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஃபாரத்தைப் படிக்க, சுற்றிலும் ஜனம்.

"என்ன இது? இவங்களை ஏமாத்திக் கையெழுத்து வாங்கறீங்களா?"

துணி அலசிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "யாரு, இவரா ஏமாத்தறவரு? எங்க கரண்ட் மீட்டர் பாக்கறவரும்மா. லீவு போட்டு எங்களுக்காக அலையறாரு."

"எதுக்கு?"

"இங்க வீடே இல்லையாம். காலி இடமாம். காடு வளர்க்கப் போறாங்களாம். இவரு அந்தப் படத்தைப் பாக்கலைன்னா எங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

மீட்டர்காரர் எழுந்துகொண்டார். "வீடே இல்லைன்னா பன்னெண்டு வருஷமா யார் வீட்டு மீட்டரைப் படிச்சேன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா."

"இதை ஆபீஸ்லயே சொல்லியிருக்கலாமே?"

"விஷயம் தெரிஞ்சா ஃபாரம் தர மாட்டீங்களோன்னு பயம். உங்க மேல நம்பிக்கை வரலை."

அவள் பார்த்து வரைந்த பழைய பதிவேட்டில் 'காலி நிலம்' என்றிருந்தது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். "வெயில்ல வந்திருக்கே, உக்காரும்மா. ஒரு தடவை எட்டிக்கூடப் பாக்காம படத்துல எங்க வீட்டு மேலயெல்லாம் பச்சை பூசியிருக்கான் பாரு, அந்தப் புண்ணியவான் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

மேப் மேடம் உட்காரவில்லை.

"நான்தான்க்கா" என்றாள்.